பந்த், மறியல், கல்வீச்சு நேரத்துல பைபிள் எச்சரிப்ப எப்படி எடுத்துக்குறது

ஊர்ல ஒரு பிரச்சனை வெடிச்சா போதும், நம்ம கடலூர் மஞ்சக்குப்பத்துல மொத பஸ் கண்ணாடி உடையறதுக்கு முன்னாடியே நம்ம சபை வாட்ஸ்அப் குரூப்ல மத்தேயு 24 வந்துடும். "கடைசி காலம் பிரதர், வசனம் நிறைவேறுது"ன்னு ஒரு வாய்ஸ் நோட், யார் பேசுறாங்கன்னே தெரியாது, பின்னாடி கீபோர்டு மட்டும் சோகமா ஓடிக்கினு இருக்கும். அத கேட்டுட்டு பாதி பேரு நடுங்கிப் போயிடுறாங்க, மீதி பேரு ஆமென்னு ஒரு கை கூப்புற பொம்மைய போட்டுட்டு சோறு வடிக்க போயிடுறாங்க. ரெண்டுமே எச்சரிப்ப கேட்ட மாதிரி ஆகாது. பைபிள்ல எச்சரிப்பு வர்ற இடத்தயெல்லாம் புரட்டிப் பாருங்க, கேட்டவனுக்கு கையில ஒரு வேலை குடுத்திருப்பாங்க, திரும்புன்னு சொல்லியிருப்பாங்க இல்ல ஓடுன்னு, இல்ல தானியத்த சேர்த்து வைன்னு, இல்ல வாய மூடுன்னு. சும்மா கேட்டு பயப்படுறதுக்குன்னு எதுவும் சொல்லி வைக்கல.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறாங்க இல்ல, 1-ம் நம்பர் ஏத்துனா யாரும் மூட்டை கட்ட மாட்டாங்க, கடலுக்கு போன படகுங்க திரும்பிடுச்சான்னு கணக்கு எடுப்பாங்க, நம்பர் ஏற ஏற செய்யற வேலையும் மாறும். கூண்ட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சுட்டு படக அப்படியே தண்ணியில விட்டுட்டுப் போற ஆள தேவனாம்பட்டினத்துல யாரும் மதிக்க மாட்டாங்க. நாம வசனத்த வெச்சு பண்றது பல நேரம் அந்த ஸ்டேட்டஸ் வேலைதான். அதனால அடுத்த தடவ ஊரு சூடாவும்போது என்ன பண்ணலாம்னு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல வசனத்த முழுசா படிங்க

ஃபார்வர்டுல வர்றது எப்பவும் அரை வசனமா இருக்கும். மத்தேயு 24:6 முழுசா இதுதான்: "யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள், கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள், இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே, ஆனாலும், முடிவு உடனே வராது." பாருங்க, மொத பாதிய மட்டும் வெட்டி போஸ்டர் அடிக்கிறாங்க, கலங்காதீங்கங்குறதும் முடிவு உடனே வராதுங்குறதும் எங்க போச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி, அந்த அதிகாரத்துல இயேசு சீஷங்களுக்கு குடுக்குற மொத பதிலே ஒருத்தனும் உங்கள ஏமாத்தாம பாத்துக்குங்கங்குறதுதான். பூமியதிர்ச்சி பஞ்சம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான் வருது. அதே அதிகாரம் 36-ம் வசனத்துல அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டும்தான் தெரியும், தூதருங்களுக்கே தெரியாதுன்னு இருக்கு. அப்போ தேதி சொல்றவங்கள எந்த லிஸ்ட்ல சேர்க்குறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

தேதி சொன்னவங்க கதை நீளம். அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒருத்தரோட கூட்டம் 1844 அக்டோபர் 22-ம் தேதின்னு காத்திருந்தாங்க, பல விவசாயிங்க விளைச்சல அறுக்காமலே விட்டாங்கன்னு சொல்லுவாங்க, மறுநாள் வழக்கம்போல விடிஞ்சுது. நம்ம காலத்துலயே ஹெரால்டு கேம்பிங்னு ஒரு ரேடியோ பிரசங்கியார் 2011 மே 21-ன்னு சொன்னாரு, அன்னிக்கு ஒன்னும் ஆகல. உபாகமம் 18:22 இதுக்கு நேரா பதில் வெச்சிருக்கு, சொன்னது நடக்கலன்னா அந்த ஆளு துணிகரத்துல சொன்னான், அவனுக்கு பயப்படாத, அவ்வளவுதான்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு ஏமாத்து இருக்கு. எரேமியா 28-ல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வர்றான், ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு ஜனங்களுக்கு இனிப்பா சொல்றான், எரேமியா கழுத்துல இருந்த மர நுகத்த புடுங்கி உடைச்சே காட்டுறான். ஜனங்களுக்கு அவனத்தான் புடிச்சிருக்கும், எனக்கும் புடிச்சிருக்கும். ஊர்ல வீடு எரியும்போது "ஒன்னும் இல்ல, ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்"னு மேடையில சொல்றவரும் அந்த அனனியா வகைதான். காயம் இருக்கும்போதே சமாதானம் சமாதானம்னு மேலாப்புல பூசுறாங்கன்னு எரேமியா 6:14-ல திட்டு விழுந்திருக்கு.

யாருக்கு சொன்னதுன்னு பாருங்க

இத நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா எல்லாரும் வழுக்குற இடம் இது. கலவரம் வந்தா நம்ம ஆளுங்க வசனத்த தூக்கி எதிர் தரப்பு மேல வீசுறாங்க. அந்த கட்சிக்காரனுக்கு, அந்த ஜாதிக்காரனுக்கு, அந்த மதத்துக்காரனுக்கு தீர்ப்பு வருதாம். ஆனா தீர்க்கதரிசிங்க யாருகிட்ட போய் கத்துனாங்க? சொந்த ஜனங்ககிட்டதான். ஆமோஸ் சுத்தி இருக்குற ஊருங்கள எல்லாம் ஒவ்வொன்னா திட்டிக்கினு வர்றாரு, தமஸ்கு, காசா, தீரு, கேக்குறவன் சந்தோஷமா தலையாட்டிக்கினே இருப்பான், கடைசியில நேரா யூதா இஸ்ரவேல் மேல வந்து விழுது, அதுலயும் இஸ்ரவேலுக்கு விழுந்ததுதான் ரொம்ப நீளம். கர்த்தருடைய நாள் வரட்டும் வரட்டும்னு ஆசப்படுறவங்களுக்கு ஐயோ, அது உங்களுக்கு வெளிச்சமா இருக்காது, இருட்டா இருக்கும்னு 5-ம் அதிகாரத்துல சொல்றாரு. முடிவு வருதுன்னு குஷியா ஃபார்வர்டு பண்றவங்க இத ஒரு தடவ படிக்கலாம்.

நம்ம மாவட்டத்துல பிரச்சனைன்னா பாதி நேரம் அது ஊருக்கும் காலனிக்கும் நடுவுல வர்றதுதான், இத ஒளிச்சு பேசி பிரயோஜனம் இல்ல. அப்போ சபைக்குள்ளயும் அதே கோடு இருக்கும். ஒரே பாத்திரத்துல திருவிருந்து எடுக்குறவங்க ஒருத்தர் வீட்டு கல்யாணத்துல ஒருத்தர் உக்காந்து சாப்பிட மாட்டாங்க, கல்லறையில கூட தனி மூலை. இப்படி இருந்துக்கினு வெளிய நடக்குற சண்டைய பார்த்து ஐயோ அக்கிரமம் மிகுதியாயிடுச்சுன்னு சொன்னா ஆமோஸ் சிரிப்பாரு. ஆக கலவர நேரத்துல எந்த எச்சரிப்பு வசனத்த எடுத்தாலும், இதுல என் வீட்டுக்கு என் சபைக்கு என்ன இருக்குன்னு மொதல்ல தேடுங்க. ஒன்னுமே கிடைக்கலன்னா மறுபடி படிங்க, கண்டிப்பா இருக்கும்.

செத்தவங்கள பத்தி தீர்ப்பு சொல்லாதீங்க, இத தனியாவே சொல்லணும். 2004 டிசம்பர் 26 சுனாமியில நம்ம மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கெழமை. அப்புறம் வந்த பிரசங்கத்துல சிலது இன்னும் காதுல இருக்கு, குப்பத்து ஜனங்க பாவம்தான் அலையா வந்துச்சாம். லூக்கா 13-ல இதே கேள்விதான் இயேசுகிட்ட வருது, பிலாத்து கலிலேயர வெட்டுன செய்திய கொண்டு வர்றாங்க, அது அரசாங்கம் பண்ண கொலை, அப்பட்டமான கலவரச் செய்தி. அவரு சீலோவாம்ல கோபுரம் விழுந்து செத்த 18 பேரையும் சேர்த்து எடுத்து, இவங்க மத்தவங்கள விட பெரிய பாவிங்கன்னு நெனக்கிறீங்களா, இல்லன்னு சொல்றேன், நீங்க மனந்திரும்புங்கன்னு கேட்டவங்க பக்கமே திருப்பி விட்டுடுறாரு. பிணத்த காட்டி பிரசங்கம் பண்றவருக்கு இதுக்கு மேல பதில் தேவையில்ல.

போன கீழ வைங்க

யாத்திராகமம் 23-ம் அதிகாரம் மொத வசனமே பொய்யான பேச்ச ஏத்துக்காதன்னு ஆரம்பிக்குது, ரெண்டாவது வசனம் "தீமைசெய்ய திரளான பேர்களைப் பின்பற்றாதிருப்பாயாக". வதந்தியும் கும்பலும் பக்கத்துல பக்கத்துல இருக்கு பாருங்க, ஒன்னு இன்னொன்ன கூட்டிக்கினு வரும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

2023 மார்ச்ல நடந்தத நெனச்சு பாருங்க. தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்கள அடிச்சு கொல்றாங்கன்னு வீடியோ சுத்துச்சு, அப்படி எதுவும் நடக்கவே இல்ல, அதுக்கு சம்பந்தமே இல்லாத வீடியோங்கள எடுத்து போட்டது, போலீஸும் பொய்யின்னு சொன்னாங்க, பரப்புனவங்க மேல கேஸும் ஆச்சு. அதுக்குள்ள எத்தன பேரு பயந்து ரயில் ஏறிட்டாங்க. நம்ம சிப்காட்டுலயும் ஹோட்டல்லயும் கட்டட வேலையிலயும் எத்தன வடக்கத்தி பசங்க இருக்காங்க, அவங்க போன்ல அந்த நாளு எப்படி இருந்திருக்கும்.

அதனால ஒரு பழக்கம் வெச்சுக்குங்க. செய்தி வந்த உடனே மெசேஜுக்கு மேல ரெட்டை அம்புக்குறி இருக்கான்னு பாருங்க, இருந்தா அது பல கை மாறி வந்தது, அனுப்புன அக்காவுக்கே எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாது. எந்த ஊரு, எந்த தெரு, என்னிக்கு, யாரு பார்த்தாங்க, இந்த நாலுல ஒன்னு இல்லன்னாலும் அங்கயே நிறுத்திடுங்க. அந்த தெருவுல தெரிஞ்சவங்க இருந்தா போன் பண்ணி கேளுங்க, கடலூரு என்ன பெரிய ஊரா, திருப்பாதிரிப்புலியூர்ல தும்முனா முதுநகர்ல கேக்கும், நேரா பார்த்த ஆளு ஒருத்தராவது கிடைப்பாங்க. பெரிய செய்தின்னா தமிழ்நாடு அரசோட தகவல் சரிபார்ப்பகம் அப்பப்ப பொய்ச்செய்திய பொய்யின்னு போடுறாங்க, மாவட்ட போலீஸ் பக்கத்துலயும் வரும். வீடியோவுல கடை போர்டு எந்த பாஷையில இருக்கு, பஸ்ஸு என்ன கலரு, போலீஸ் தொப்பி நம்ம ஊரு தொப்பியா, இத பார்த்தாலே பாதி வெளுத்துடும்.

இன்னொன்னு, குரூப் அட்மினா இருக்குறவங்க ஊரு சூடா இருக்குற நாளுல அட்மின் மட்டும் எழுதுற மாதிரி செட்டிங்க மாத்திடுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சாலும் பரவாயில்ல. சட்டமும் இருக்கு, 2024 ஜூலைல வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 353-ம் பிரிவு, ஜனங்கள பயமுறுத்துற நோக்கத்துல பொய்யோ வதந்தியோ பரப்புனா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், போன்ல அனுப்புறதும் அதுல அடக்கம். சமூகங்களுக்குள்ள பகைய மூட்டுற மாதிரி அதே வேலைய வழிபாடு நடக்குற இடத்துல பண்ணா 5 வருஷம் வரைக்கும் போகும். ஆராதனையில மைக்க புடிச்சு "இப்பதான் செய்தி வந்துச்சு"ன்னு ஆரம்பிக்கிற அண்ணனுங்க இத தெரிஞ்சு வெச்சுக்கணும்.

ஏசாயா 8:12 எனக்கு ரொம்ப புடிச்ச வசனம், ஜனங்க சதி சதின்னு சொல்றதயெல்லாம் நீயும் சதின்னு சொல்லிக்கினு திரியாத, அவங்க பயப்படுறதுக்கு நீ பயப்படாதங்குற அர்த்தத்துல வருது. ஊரே ஒரே கதைய சொல்லும்போது இத சத்தமா ஒரு தடவ படிச்சுட்டு அப்புறமா போன எடுங்க.

கும்பல்ல நிக்காதீங்க, பசங்கள விடாதீங்க

பைபிளுக்குள்ளயே ஒரு முழு கலவரம் இருக்கு, அப்போஸ்தலர் 19. எபேசு பட்டணம். தெமேத்திரியுன்னு ஒரு வெள்ளி தட்டான், தியானாள் கோயில் மாதிரி வெள்ளியில செஞ்சு விக்கிறவன், பவுல் பிரசங்கத்தால வியாபாரம் படுத்துடுச்சுன்னு தொழிலாளிங்கள கூட்டி, நம்ம பொழப்பு போச்சு, நம்ம சாமிக்கு அவமானம்னு ரெண்டயும் ஒன்னா கலந்து பேசுறான். நாம பார்க்காத பேச்சா இது. கூட்டம் ரங்கசாலைக்குள்ள, அதான் ஊரு கூடுற பெரிய அரங்கத்துக்குள்ள, பாயுது, அங்க ஒரு வரி வருது, முக்காவாசி பேருக்கு எதுக்கு கூடுனோம்னே தெரியலையாம். எந்த மறியல்லயும் நீங்க ஓரமா நின்னு பாத்தீங்கன்னா இதேதான், முன்னாடி நிக்கிற பத்து பேருக்கு காரணம் தெரியும், நடுவுல இருக்குறவனுக்கு கோஷம் தெரியும், கடைசியில இருக்குற பையனுக்கு கல்லு மட்டும் தெரியும்.

பவுல் உள்ள போகணும்னு கெளம்புறாரு, விசுவாச வீரன் இல்லையா. சீஷருங்க விடல. ஊரு பெரிய மனுஷங்கள்ல அவருக்கு வேண்டியவங்களும் ஆளனுப்பி ரங்கசாலைக்கு போகாதன்னு சொல்லி அனுப்புறாங்க. அவரும் போகல. அப்போஸ்தலனே வீட்ல உக்காந்தாரு, நம்ம வாலிபர் ஐக்கியத்து பசங்க மட்டும் எதுக்கு பைக்க எடுத்துக்கினு "சும்மா பார்த்துட்டு வரோம்"னு போகணும்? ரெண்டு மணி நேரம் கத்துனப்புறம் அத அடக்குனது யாருன்னா பட்டணத்து சம்பிரதி, ஒரு சர்க்கார் அதிகாரி, கிறிஸ்தவனே இல்ல. நியாயம் வேணும்னா கோர்ட்டு இருக்கு, அதிகாரிங்க இருக்காங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போடுங்கன்னு சொல்லி அனுப்பிடுறான். எனக்கு அந்த ஆள ரொம்ப புடிக்கும். உங்க தெருவுலயும் அந்த மாதிரி ஒரு ஆளு இருப்பாரு, ரிட்டயர்டு வாத்தியாரோ விஏஓவோ கவுன்சிலரோ, எல்லா பக்கமும் அவரு பேச்ச கேப்பாங்க, அவரு நம்பர இப்பவே எடுத்து வைங்க.

பக்கத்துல கள்ளக்குறிச்சி கனியாமூர்ல 2022 ஜூலை 17 அன்னிக்கு என்ன ஆச்சு. அங்க பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு பொண்ணு செத்ததுக்கு நியாயம் கேட்டுதான் ஆரம்பிச்சுது, அந்த பொண்ணு நம்ம மாவட்டம், அந்த கோவம் ஞாயமான கோவம். ஆனா வாட்ஸ்அப்புல கூட்டுன கும்பல் உள்ள பூந்ததும் பள்ளிக்கூட பஸ்ஸுங்க எரிஞ்சுது, படிக்கிற பசங்களோட சர்ட்டிபிகேட்டும் எரிஞ்சுது, நூத்துக்கணக்குல ஆளுங்க கைதானாங்க, அதுல வேடிக்க பார்க்க போனேன்னு சொன்ன காலேஜ் பசங்களும் உண்டு. கேமராவுல முகம் இருந்தா நீ கல்லு எடுத்தியா போன எடுத்தியான்னு யாரு பார்க்குறாங்க. போலீஸ் வெரிஃபிகேஷன்ல கேஸ் இருந்தா கவர்மெண்ட் வேலை, பாஸ்போர்ட் எல்லாமே இழுத்துக்கினு நிக்கும்.

இதுக்காக கோவமே படக்கூடாதுன்னு நான் சொல்லல. வாய மூடிக்கினு இருக்குறது பக்தின்னு நெனக்கிற ஒரு கூட்டம் இருக்கு, அது எனக்கு ஒத்து வராது. 2023 ஜூலைல நெய்வேலி பக்கம் வளையமாதேவியில கதிரு நின்ன நெல்லு வயல்ல சுரங்க வேலைக்கு மெஷின் எறங்குச்சு, பார்த்த எந்த விவசாயிக்கும் வயிறு எரியும். நாபோத்தோட திராட்சத்தோட்டத்த ராஜா புடுங்குன கதை 1 இராஜாக்கள் 21-ல இருக்கே, எலியா போய் ராஜா மூஞ்சிக்கு நேராவே கேட்டாரே. மனு குடுங்க, கலெக்டர் ஆபீஸ் திங்கக்கெழம குறைதீர்க்கும் நாளுக்கு போங்க, அனுமதி வாங்குன கூட்டத்துல உக்காருங்க, வக்கீல் பாருங்க. "கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்"னு எபேசியர் 4:26, அந்த எபேசு ஊருக்குத்தான் எழுதுனது. பஸ்ஸ எரிச்சா அதுல போற பூ விக்கிற அம்மாவுக்குத்தான் கஷ்டம், நாபோத்துக்காக எலியா எந்த தேரயும் கொளுத்தல. சமாரியா கிராமத்து மேல வானத்துலேர்ந்து நெருப்பு எறக்கவான்னு யாக்கோபும் யோவானும் கேட்டதுக்கு என்ன கிடைச்சுது, அதட்டுதான்.

வீட்ட தயார் பண்றது

நீதிமொழிகள் 22:3, "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான், பேதைகளோ நெடுகப்போய் தண்டிக்கப்படுகிறார்கள்." முன்னேற்பாடு பண்றது அவிசுவாசம்னு யாராவது சொன்னா யோசேப்ப காட்டுங்க, ஏழு வருஷம் விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கு எடுத்து வெச்ச ஆளு.

எங்க சபையில ஒரு ஆயா இருக்காங்க, சுகரும் பிரஷரும். ஒரு பந்த் அன்னிக்கு முன்னாடி இப்படி ஒரு வாய்ஸ் நோட்ட கேட்டுட்டு எனக்கு போன் பண்ணாங்க. "ஏம்பா, முடிவு வந்துடுச்சுன்றாங்களே, நான் மாத்திர வாங்கட்டுமா வேணாமா?" "வாங்கு ஆயா, ஒரு மாசத்துக்கு சேர்த்தே வாங்கிடு"ன்னேன். "அப்ப வரலன்ற"ன்னு சிரிச்சுட்டு வெச்சுட்டாங்க. இத விட சரியான கேள்விய நான் எந்த கன்வென்ஷன்லயும் கேட்டதில்ல.

மாத்திரதான் மொதல்ல. அப்புறம் அரிசி பருப்பு, பால் பவுடர், தண்ணி கேன், கொஞ்சம் ரொக்கம், ஜிபே அன்னிக்கு பார்த்துதான் படுக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம இருந்தவங்களுக்கு இந்த லிஸ்ட்ட நான் சொல்லித்தர வேண்டியதில்ல. மூட்ட மூட்டயா பதுக்காதீங்க, நாலு வீடு பதுக்குனா அஞ்சாவது வீட்டுக்கு கடையில இருக்காது.

பந்த்ல பெரிய பாடு பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு போறவங்களுக்குத்தான். பாண்டியில பந்துன்னா நம்ம பஸ்ஸுங்க முள்ளோடையோட நின்னுடும், இங்க பிரச்சனைன்னா அங்கேர்ந்து வர்ற பஸ்ஸு வராது, நடுவுல எறங்கி கையில எக்ஸ்ரே கவர வெச்சுக்கினு ஜனங்க நடக்குறத பார்த்திருப்பீங்க. டயாலிசிஸ், கீமோ இருக்குறவங்க முந்தின நாளு சாயங்காலமே போய் அங்க சொந்தக்காரங்க வீட்டுலயோ விடுதியிலயோ தங்கிடுறது நல்லது, கையில ஆஸ்பத்திரி சீட்டு இருக்கட்டும், மறியல்ல நிக்கிறவங்களே பல தடவ சீட்ட பார்த்துட்டு வழி விட்டிருக்காங்க. அவசரம்னா 108, போலீஸுக்கு 112, கலெக்டர் ஆபீஸ் கண்ட்ரோல் ரூமுக்கு 1077, இந்த மூணயும் பெரியவங்க போன்ல போட்டுக் குடுங்க. 1987 செப்டம்பர்ல வட மாவட்டம் பூரா மரத்த வெட்டி ரோட்டுல போட்டு ஒரு வாரம் மறியல் நடந்தப்ப இதெல்லாம் ஏதுமில்ல, அந்த வாரத்துல பிரசவ வலி வந்தவங்க கதைய உங்க வீட்டு பெரியவங்கள கேட்டுப்பாருங்க.

பத்திரம், பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, பசங்க மார்க் ஷீட்டு எல்லாத்தயும் கனமான பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒரே பையில வைங்க. இதுக்கும் வேதத்துல ஆளு இருக்காரு. பாபிலோன் படை எருசலேம சுத்தி நிக்கும்போது, அதுவும் ஊரு போயிடும் போயிடும்னு கத்தி கத்தி ஜெயிலுக்கே போன எரேமியா, ஆனதோத்துல 17 சேக்கல் வெள்ளி குடுத்து ஒரு நிலம் வாங்குறாரு, சாட்சி கையெழுத்து போட்டு கிரயப்பத்திரத்த மண்பாண்டத்துல வெச்சு பத்திரப்படுத்த சொல்றாரு. கடைசி காலம் வந்துடுச்சு, மனைய வித்து ஊழியத்துக்கு குடுங்கன்னு யாராவது வந்தா எரேமியா 32-ம் அதிகாரத்த திறந்து அவரு கையில குடுத்துடுங்க. நிதானமா இருக்குற நாளுல நீங்களா மனசு வெச்சு குடுக்குறது வேற கணக்கு.

பக்கத்து வீட்டுக்கு என்ன

அந்தியோகியா சபையில அகபுன்னு ஒரு தீர்க்கதரிசி எழும்பி பஞ்சம் வரப்போவுதுன்னு சொல்றாரு, அப்போஸ்தலர் 11. அவங்க அந்த செய்திய வெச்சு மாநாடு போடல, எந்த வருஷம்னு கணக்கு போடல. அவங்கவங்க திராணிக்கு ஏத்த மாதிரி காசு சேர்த்து யூதேயாவுல இருக்குறவங்களுக்கு பர்னபா பவுல் கையில குடுத்து அனுப்புறாங்க. எச்சரிப்பு வந்துச்சு, உண்டியல் தொறந்துச்சு, ரெண்டு மூணு வசனத்துல கதை முடிஞ்சுது. நம்ம சபையில இத செய்ய ஒரு டிராயர்ல தனியா கொஞ்சம் பணமும் ஒரு லிஸ்ட்டும் போதும், யாரு தனியா இருக்காங்க, யாருக்கு தினக்கூலி, பந்த் ரெண்டு நாளு நீண்டா எந்த வீட்டுல அடுப்பு எரியாது. லிஸ்ட்ல விசுவாசிங்க பேரு மட்டும் இருந்தா அது பாதி லிஸ்ட்டுதான். எதிர் வீட்டு பாய், வாடகைக்கு இருக்குற வடக்கத்தி பசங்க, கலவரத்துல எந்த பக்கம் சிக்குவாங்களோ அந்த பக்கத்து ஜனங்க, அவங்க பேரும் வேணும். நெலம மோசமா இருந்தா ரெண்டு ராத்திரி அவங்க நம்ம வீட்டு ஹால்லயோ சபை ஹால்லயோ படுத்துக்கலாம்னு முன்னாடியே சொல்லி வைங்க, ராத்திரி பத்து மணிக்கு கதவ தட்டும்போது குடும்பத்துக்குள்ள விவாதம் பண்ணிக்கினு நிக்க முடியாது.

எப்ப கெளம்புறது

எல்லா நேரமும் வீட்டுக்குள்ளயே இருன்னு பைபிள் சொல்லல. எருசலேம சேனை சூழுறத பார்த்தா மலைக்கு ஓடுங்கன்னு லூக்கா 21-ல நேராவே இருக்கு, யுத்தத்துக்கு முன்னாடி எச்சரிப்பு கிடைச்சு எருசலேம் விசுவாசிங்க யோர்தானுக்கு அந்தப்பக்கம் பெல்லாங்குற ஊருக்கு போய் தப்பிச்சாங்கன்னு சபை சரித்திரம் எழுதுன யூசேபியு எழுதி வெச்சிருக்காரு, அப்புறம் கி.பி. 70-ல ரோமர் ஊர இடிச்சுட்டாங்க. நம்ம கடலூர்லயே நடந்திருக்கு, 1758-ல பிரெஞ்சுக்காரங்க தேவனாம்பட்டினம் கோட்டைய புடிச்சப்ப இங்க மிஷனரியா இருந்த கீர்நாண்டர் ஊர விட்டு கெளம்பி கடைசியில கல்கத்தா போய் சேர்ந்து அங்க ஒரு சபையவே கட்டுனாரு, யாரும் அவர அவிசுவாசின்னு சொல்லல.

உங்க தெரு பேர சொல்லி மிரட்டல் வந்துச்சுன்னா, போலீஸே போயிடுங்கன்னு சொன்னா, வீட்டுல கைக்குழந்த இருக்கு வெளிய கல்லு விழுதுன்னா, கெளம்பிடுங்க. எங்க போறதுன்னு ரெண்டு எடம் முன்னாடியே பேசி வைங்க, ஒன்னு பக்கத்துல ஒன்னு வேற ஊர்ல. நகைய வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுற வேலையெல்லாம் வேணாம். கெளம்ப முடியாத கெழவங்க இருந்தா யாரு அவங்களோட இருக்கறதுன்னு குடும்பத்துல மொதல்லயே முடிவு பண்ணுங்க, இந்த பேச்சு கஷ்டமாதான் இருக்கும்.

ஞாயித்துக்கெழம ஆராதனை வெக்கிறதா வேணாமான்னு சபையில எப்பவும் ஒரு சண்டை வரும். தடை உத்தரவு இருந்தா வேணாம், அவங்கவங்க வீட்டுல ஜெபம் பண்ணலாம், தானியேலும் வீட்டு மேலறையிலதான் பண்ணாரு. உத்தரவு இல்லன்னா வைங்க, ஆனா ஸ்பீக்கர வெளிய திருப்பாதீங்க, ஊர்வலமா நடக்காதீங்க, சீக்கிரம் முடிச்சு பொம்பளைங்கள புள்ளைங்கள வெளிச்சத்துலயே வீட்டுக்கு அனுப்புங்க. பிரசங்கத்துல எந்த தரப்பு பேரும் வேணாம். ஜெபத்துல மட்டும் எல்லார் பேரும் வரட்டும், அடிபட்ட போலீஸ்காரர், உள்ள போன பையனோட அம்மா, கடை எரிஞ்ச ஆளு. பாபிலோனுக்கு சிறைபோனவங்ககிட்டயே அந்த பட்டணத்து சமாதானத்த தேடு, அதுக்காக ஜெபம் பண்ணு, அது நல்லா இருந்தாதான் நீ நல்லா இருப்பன்னு எரேமியா 29-ல சொல்லியிருக்கும்போது நாம சொந்த ஊருக்கு பண்றதுக்கு என்ன.

எல்லாம் அடங்குனதும் மொத வேலையா உடைஞ்ச கடைங்கள்ல சாமான் வாங்குங்க, எந்த தரப்பு கடையா இருந்தாலும். உள்ள இருக்குற பசங்க வீட்டுக்கு ஒரு தடவ போய்ட்டு வாங்க, ஜாமீனுக்கு வக்கீல் தெரியாம முழிச்சுக்கினு இருப்பாங்க, மாவட்ட கோர்ட்டு வளாகத்துல இலவச சட்ட உதவி மையம் இருக்குன்னு சொல்லுங்க. சபை டிராயர்ல எடுத்த பணத்துக்கு கணக்கு எழுதி வைங்க. அப்புறம் அட்மினுங்க மறக்காம குரூப்ப பழையபடி எல்லாரும் எழுதுற மாதிரி மாத்திடுங்க, இல்லன்னா பிறந்தநாள் வாழ்த்து போட முடியலன்னு அக்காமாருங்க எல்லாம் உங்களுக்கு தனித்தனியா போன் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க.